லிஃப்ட் டாக்டரும் என் பூட்டும்

என் சகலைக்கு இணையத்தில் அறுபத்திரண்டாயிரம் ரசிகர்கள் இருக்கிறார்கள். எனக்கு ஒருத்தி இருக்கிறாள். அவள் என் மகள். அப்பாவின் மனசு நோகக் கூடாதே என்று சேர்ந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமையில் பேசுகிறான் என்று பிற்பாடு யாரும் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட வேண்டாம். பொறாமை இருக்கிறது, வண்டி வண்டியாக இருக்கிறது. ஆனால் இது அதைப் பற்றிய கதை இல்லை.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். இருவரும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். அவனை அங்கே சேர்த்துவிட்டவன் நான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மாமியார் வீட்டு சோபாவில் பள்ளம் விழுகிற அளவுக்குப் படுத்துக் கிடந்தவனை, கொழுந்தியாள் கண்ணைக் கசக்கினாள் என்பதற்காகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மேனேஜர் முன்னால் நிறுத்தினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன், குத்துகிறது குடைகிறது என்று புலம்பக் கூடாது என்பார்கள். நான் புலம்பவில்லை. திட்டுகிறேன்.

லிஃப்ட் வேலைக்கு இரண்டு பேராகத்தான் போவோம். ஒருவன் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மெஷின் ரூமில் நிற்பான். மோட்டார், பிரேக், மெயின் சுவிட்ச் எல்லாம் அங்கேதான். இன்னொருவன் கீழே, லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் இறங்குவான். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான பள்ளம். எண்ணெய், கசிந்த தண்ணீர், குடியிருப்பவர்கள் தவறவிட்ட சீப்பு, பொம்மைக் கால், பேனா மூடி எல்லாம் அங்கேதான் வந்து சேரும். ஒன்பது வருஷத்தில் சகலை குழிக்குள் இறங்கியது பதினோரு தடவை. எண்ணி வைத்திருக்கிறேன். மற்ற நாளெல்லாம் “எனக்கு மூச்சு முட்டும்ணே” என்று மேலேயே நின்றுகொள்வான். நான் இறங்குவேன். இருபத்து நான்கு வருஷம் இறங்கி இறங்கி என் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயின.

டாக்டர், நிஜ டாக்டர், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ஏணி, குழி, குந்தி உக்கார்றது, எதுவும் இனிமே கூடாது. இப்படியே போனா ஒரு வருஷம் தாங்கும். அப்புறம் நீங்களா நடக்க மாட்டீங்க.”

அடுத்த மாதமே எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெறப்போவதாகச் சொன்னார்கள். சூப்பர்வைசருக்கு மேஜை உண்டு, நாற்காலி உண்டு. எனக்குப் பதவி ஆசையெல்லாம் இல்லை, அந்த நாற்காலிதான் வேண்டும். கிடைத்தால் கால் பிழைக்கும், கூடவே வீடும் பிழைக்கும். கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டும். எனக்கு வேறு வேலை தெரியாது. போட்டியில் இருந்தவர்கள் இரண்டே பேர், நானும் லிஃப்ட் டாக்டரும்.

லிஃப்ட் டாக்டர் என்பது சகலை தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர். மூன்று வருஷமாக அந்தப் பெயரில் ஒரு பக்கம் நடத்துகிறான். வெள்ளைச் சட்டை போட்டு, மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரின் ஒயரை ஸ்டெதஸ்கோப் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு, மோட்டார்மேல் கையை வைத்துப் போஸ் கொடுப்பான். கீழே இப்படி எழுதுவான்: “மேலே போகும் லிஃப்ட் கீழே வந்துதான் ஆக வேண்டும். எனக்குப் பணிவைக் கற்றுக்கொடுத்தது ஒரு லிஃப்ட்.” அதற்கு எழுநூறு பேர் கைகூப்பும் பொம்மை போடுவார்கள். இவனுக்குப் பணிவைக் கற்றுக்கொடுத்த லிஃப்ட் எது என்று தெரிந்தால் அதை நானே கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன்.

ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஐந்தாவது மாடிக் கதவு மத்தியானம் மட்டும் மூடாமல் அடம்பிடித்தது. மூன்று நாள் அந்தக் கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் கதவின் சென்சார்மேல் விழுகிறது என்று கண்டுபிடித்தவன் நான். ஒரு அட்டையை வெட்டி மறைப்பு வைத்தேன், சரியாகிவிட்டது. மறுநாள் லிஃப்ட் டாக்டரின் பக்கத்தில், “சூரியனைப் பிடித்த நாள்” என்று கட்டுரை. படத்தில் அவன், அவன் கையில் நான் வெட்டிய அட்டை. ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். நல்ல மனிதர்தான், ஆனால் கம்பெனி சொன்னால் காக்கை வெள்ளை என்பார். “உங்க வேலையப் பத்தி எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. ஆனா காலம் மாறிடுச்சு. வேலை தெரிஞ்சா மட்டும் பத்தாது, தெரியும்னு நாலு பேருக்குத் தெரியணும். அவரோட வீடியோ பாத்துட்டு போன மாசம் ரெண்டு பில்டிங்காரங்க நம்மளத் தேடி வந்தாங்க. நீங்க இணையத்துல எங்கயுமே இல்லையே?”

“நான் குழிக்குள்ள இருக்கேன் சார்,” என்றேன்.

சிரித்தார். அடுத்த வாரம் நேர்காணல், அதற்குள் எனக்கென்று ஒரு பக்கமாவது தொடங்கிக் காட்டுங்கள் என்று யோசனை சொல்லி அனுப்பினார்.

வீட்டில் சொன்னேன். மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அவங்க சொல்றது சரிதானே? இத்தனை வருஷமா படிச்சுப் படிச்சுச் சொல்றேன். நிறைகுடம் ததும்பாதுன்னு நீங்களே சொல்லிக்கிட்டு மூலையில உக்காந்திருந்தா, அங்க ஒரு குடம் இருக்குன்னே யாருக்கும் தெரியாது.”

அவள் சகலையின் பரம ரசிகை. அவன் எதைப் போட்டாலும் முதல் இதயம் அவளுடையது. குடும்பக் குழுவில் “எங்க வீட்டு டாக்டர்” என்று எழுதி அனுப்புவாள். அதனாலேயே அவன் வீடியோ எதையும் நான் பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அந்த வைராக்கியத்தால்தான் இரண்டு மாதம் ஒன்றும் தெரியாமல் இருந்தேன் என்பது பிறகு புரிந்தது.

மகள் கல்லூரியில் படிக்கிறாள். சனிக்கிழமை காலை என்னை நல்ல சட்டை போடச் சொல்லி, சமையலறைச் சுவருக்கு முன்னால் நிற்க வைத்து, ஃபோனைப் பிடித்தாள். நான் லிஃப்ட் கயிற்றைப் பற்றிப் பேசினேன். கயிறு ஏன் அறுவதில்லை, அறுந்தாலும் கூண்டு ஏன் விழுவதில்லை, அது தெரியாமல் உள்ளே நின்று குதிக்கிற முட்டாள்கள் எத்தனை பேர், பட்டனை இருபது தடவை அமுக்குகிற அறிவாளிகள் எத்தனை பேர் என்று பதினோரு நிமிஷம் பேசினேன்.

“அப்பா, யாரையும் திட்டாம ரெண்டு நிமிஷம் பேச முடியுமா?” என்றாள்.

“திட்டாம எப்படி லிஃப்டப் பத்திப் பேசுறது?”

“சித்தப்பா பேசுறாரே. அவர் எப்படிச் செய்றாருன்னு ஒரே ஒரு தடவை பாருங்க. வைராக்கியத்த அப்புறம் வச்சுக்கலாம்.” அவளே ஃபோனைத் திருப்பிக் காட்டினாள். அவனுடைய வீடியோக்களிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதானாம். தலைப்பு: “ஒரு பூட்டு, ஒரு உயிர்.”

இங்கே பூட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பூட்டு உண்டு, ஒரே ஒரு சாவியும் உண்டு. குழிக்குள் இறங்குகிறவன் முதலில் மேலே போய், மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைத் தன் கையால் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். வேலை முடிந்து வெளியே வந்த பிறகு அவனே மறுபடி மேலே ஏறித் திறக்க வேண்டும். வேறு யாரும் தொடக் கூடாது, கம்பெனி முதலாளியே வந்தாலும் கூடாது. பூட்டைப் போட்டதும் லிஃப்ட் ஓடாது என்பதால் இறங்குவதும் ஏறுவதும் படியில்தான். எட்டு மாடி, பத்து மாடி, ஒரு நாளைக்கு மூன்று கட்டடம். என் முழங்காலுக்கு அது தாங்கவில்லை. போன வருஷம் என் பூட்டுச் சாவிக்கு ஒரு நகல் வெட்டிச் சகலையிடம் கொடுத்தேன். “நான் வெளிய வந்துட்டேன்னு ஃபோன் பண்ணுவேன். அப்புறமா தெற” என்றேன். வெளி ஆளாக இருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். வீட்டு ஆள், கொழுந்தியாள் புருஷன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்களே, அதைத்தான் செய்தேன்.

வீடியோ ஓடியது. மூன்று நிமிஷம். ஓர் எட்டு மாடிக் குடியிருப்பின் மெஷின் ரூம். எங்கள் கைவசம் உள்ள கட்டடம்தான், எனக்குச் சுவர்க் கறையைப் பார்த்தாலே தெரியும். லிஃப்ட் டாக்டர் வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். கையில் பளபளவென்று அவருடைய பூட்டு, அதில் அவர் படம் ஒட்டிய அட்டை. “நண்பர்களே, கீழே ஒரு மனிதர் வேலை செய்கிறார். அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது. அவர் உயிர் இந்தப் பூட்டில் இருக்கிறது” என்கிறார். பிறகு செய்து காட்டுகிறார். மெயின் சுவிட்ச் மேலே இருக்கிறது. அதாவது, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் சுவரில் உள்ள கன்ட்ரோல் பெட்டியில் சிவப்பு எண் எரிகிறது. “இப்படி அணைக்கணும்” என்று கீழே இழுக்கிறார். சிவப்பு எண் அணைகிறது. “இப்படிப் பூட்டணும்.” பூட்டு விழும் சத்தம்.

“நிறுத்து,” என்றேன். “திருப்பிப் போடு.”

தரையில், எண்ணெய் டப்பாவின் பக்கத்தில், ஒரு பழைய பூட்டு கிடந்தது. நான் பச்சைப் பெயின்ட் தொட்டு அடையாளம் வைத்த பூட்டு. என்னுடையது.

மகளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குத் தேதி உட்பட எல்லாம் புரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால், அந்தக் கட்டடத்தில், காலை பதினொரு மணி வாக்கில், நான் குழிக்குள் குந்தியிருந்தேன். கூண்டு முதல் மாடியில் நின்றது. அந்தக் குழியில் அவசரத்துக்கு அழுத்தி லிஃப்ட்டை நிறுத்துகிற சிவப்பு பட்டன் துருப்பிடித்து ஒட்டிப்போயிருந்தது. புதியது கேட்டு மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தேன், வரவில்லை. வெளியே குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன, எதுவாவது எட்டிப் பார்த்து விழுந்துவிடப் போகிறதே என்று கதவை உள்ளிருந்து சாத்திக்கொண்டேன். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது, சாத்தினால் நகரும். எனக்கு அது தெரியும். ஆனால் மேலேதான் என் பூட்டு இருக்கிறதே.

கூண்டு இறங்கியது.

பழைய லிஃப்ட்டுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால், தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள முதலில் நேராக அடிமட்டத்துக்கு இறங்கும். தலைக்கு மேலே இருந்த இருட்டு மெதுவாகக் கீழே வந்தது. நான் பக்கவாட்டில் விழுந்தேன். இடது முழங்கால் இரும்புச் சட்டத்தில் மோதியது. கூண்டு நின்றது. சகலைக்கு ஃபோன் செய்து, “கூண்டு எறங்குதுடா” என்று கத்தினேன். “பிரேக் லூசா இருக்கும்ணே. கயிறு இழுத்திருக்கும்” என்றான். ஒற்றைக் காலில் ஏணியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தபோது இரண்டாவது தடவை இறங்கியது. இந்தத் தடவை ஒரு முழம்தான். வெளியே வந்து தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

மறுநாள் அரை நாள் செலவழித்து அந்த பிரேக்கை இறுக்கினேன். அதற்கு ஒரு கோளாறும் இல்லை. இருந்தாலும் வேறு காரணம் தெரியாததால் பதிவேட்டில் “பிரேக் தளர்வு, சரி செய்யப்பட்டது” என்று என் கையெழுத்திலேயே எழுதினேன். என் பராமரிப்பில்தான் ஓட்டை என்று இரண்டு மாதம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். டாக்டர் இடது கால் படத்தைப் பார்த்து, “எங்கயாவது விழுந்தீங்களா?” என்று கேட்டபோதுகூட இல்லை என்றேன்.

வீடியோவில் சுவிட்ச் ஒரு தடவைதான் அணைகிறது. ஆனால் அதற்குச் சற்று முன்னால் படம் ஒரு இடத்தில் வெட்டித் தாவுகிறது. நான் ஃபோன் செய்தபோது அவன் அதே ஃபோனில்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தான். என் அழைப்பு வந்ததும் அது நின்றுபோயிருக்கிறது. என்னிடம் பிரேக் கதை சொல்லி வைத்துவிட்டு, மறுபடி சுவிட்சைப் போட்டு, மறுபடி எடுத்திருக்கிறான். குழிக்குள் நான் இருக்கிறேன் என்று தெரிந்தேதான்.

மகள் அழ ஆரம்பித்தாள். மனைவி வந்து என்னவென்று கேட்டாள். சொன்னேன். அவள் வீடியோவை மூன்று தடவை பார்த்தாள். பச்சைப் பெயின்ட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கீழே முதல் இதயம் அவளுடையது. அதன்மேல் விரலை வைத்து அழுத்தி அதை எடுத்தாள். “உங்க உயிருக்கா நான் லைக் போட்டேன்?” என்று கேட்டாள். வேறு சமயமாக இருந்தால் நாலு வார்த்தை குத்தியிருப்பேன்.

திங்கட்கிழமை மேனேஜரின் மேஜையில் ஃபோனை வைத்தேன். பார்த்தார். முகம் வெளுத்தது. முதலில் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: “நம்ம கம்பெனி பேர் தெரியுதே.”

“என் பூட்டும் தெரியுது சார்.”

“உங்க பூட்ட அவர் எப்படித் தெறந்தார்?”

சொன்னேன். மறைக்கவில்லை. அவர் நாற்காலியில் சாய்ந்து, “அப்போ விதிய முதல்ல மீறினது நீங்க” என்றார். பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி, என் கையெழுத்தை எனக்கே காட்டினார். “பிரேக்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இத வெளிய எடுத்தா ரெண்டு பேர் வேலையும் போகும். வீடியோவ எடுக்கச் சொல்லிடுறேன். நீங்க சொன்னத நான் கேக்கவே இல்லைன்னு வச்சுக்குவோம். அவர் சூப்பர்வைசரா வந்தா, உங்களுக்கு லேசான வேலையாப் பாத்துக் குடுக்கச் சொல்றேன்.”

அவன் சூப்பர்வைசராக, அவன் கையால் நான் லேசான வேலை வாங்க வேண்டும். எழுந்து வந்துவிட்டேன்.

சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து, மகள் தொடங்கிக் கொடுத்த பக்கத்தைத் திறந்தேன். என் ஒரே ரசிகையின் படம் சிரித்தது. சகலையின் வீடியோவுக்குக் கீழே ஒற்றை விரலால் எழுதினேன். அதற்கு இருபது நிமிஷம் ஆனது.

“இரண்டாவது நிமிஷத்தில் எண்ணெய் டப்பா பக்கத்தில் தரையில் கிடக்கும் பச்சைப் பெயின்ட் பூட்டு என்னுடையது. அந்த நேரத்தில் நான் குழிக்குள் இருந்தேன். சாவியைக் கொடுத்தது என் தப்பு. சுவிட்சைப் போட்டது அவன் தப்பு. இரண்டு தடவை போட்டான்.”

வாழ்க்கையில் இணையத்தில் நான் எழுதியது அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் அது ஊரெல்லாம் போய்விட்டது. அந்தக் கட்டடத்துக்காரர்கள் கம்பெனிக்கு ஃபோன் செய்தார்கள். அதுவரை அந்த வீடியோவைப் பார்த்த அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தெரியாத பூட்டு, அன்றைக்குத்தான் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. மூன்றே நாளில் சகலையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். எனக்கு எழுத்தில் கடைசி எச்சரிக்கை. நாற்காலிக்கு வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். எனக்கு நாற்காலி போனது, குழி மிச்சம். பழைய லிஃப்ட் வேலை தெரிந்த ஆள் வேறு இல்லாததால்தான் என்னை வைத்திருக்கிறார்கள் என்று புது சூப்பர்வைசரே சொன்னார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தவளை கெடவில்லை. பத்து நாள் கழித்து ஒரு வீடியோ போட்டது. வெள்ளைச் சட்டை இல்லை, ஒயர் இல்லை. சாம்பல் நிற டி-ஷர்ட், நான்கு நாள் தாடி, கண்ணில் தண்ணீர். “நான் ஒருவரின் உயிரோடு விளையாடினேன். என் தவறு எனக்குக் கற்றுக்கொடுத்த ஐந்து பாடங்கள்.” தலைப்பைக் கேளுங்கள்: “நான் விழுந்த குழி.” ஒன்பது வருஷத்தில் பதினோரு தடவை இறங்கியவன்! அதற்கு முன்பு பார்த்ததைப்போல் ஐந்து மடங்கு பேர் பார்த்தார்கள். என்ன துணிச்சல், எவ்வளவு நேர்மை என்று எழுதினார்கள். எங்களைவிடப் பெரிய லிஃப்ட் கம்பெனி ஒன்று அவனைப் பாதுகாப்புப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. ஏசி அறை, மைக், சுழல் நாற்காலி.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தியாளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். கையில் ஒரு பை. அதிலிருந்து ஃபோன் நிறுத்தும் கால்களும் ஒரு வட்ட விளக்கும் வெளியே வந்தன.

“அண்ணே, நடந்தது நடந்துபோச்சு,” என்றான். “எனக்கு அங்க ஒரு உதவியாளர் வேணும். முழுக்க உக்காந்த வேலை. படம் காட்டணும், பேப்பர் திருத்தணும், அவ்வளவுதான். பேசி முடிச்சுட்டேன். நீங்க என்கூட உக்காந்து, ‘என் தம்பிய நான் மன்னிச்சிட்டேன்’னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மத்தத நான் பேசிக்குறேன்.”

“எனக்காக மாமா,” என்றாள் கொழுந்தியாள். அவள் அழுதது நிஜமான அழுகை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

பொய் சொல்ல மாட்டேன், சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. உட்கார்ந்த வேலை. முழங்கால் இரண்டும் எனக்கு முன்னால் தலையாட்டின. மனைவி டீ எடுத்து வர உள்ளே போனாள், நான் சோபாவில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் விளக்கைப் போட்டான், என் சட்டைக் காலரைச் சரிசெய்தான், ஃபோனை அழுத்தினான். முகம் ஒரு நொடியில் சோகமாக மாறியது. அதை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை.

“நண்பர்களே, இவர்தான் என் அண்ணன்…”

“ஒண்ணு கேக்கணும்,” என்றேன். “கூண்டு எறங்குதுன்னு உனக்கு ஃபோன் பண்ணிக் கத்தினேன். அதுக்கப்புறம் எதுக்கு மறுபடி சுவிட்சப் போட்ட?”

அவன் என்னைப் பார்க்கவில்லை, ஃபோனைத்தான் பார்த்தான். ஆனால் பழக்கதோஷம், வாய் பதில் சொல்லிவிட்டது. “மொத தடவை எடுத்தது நீங்க ஃபோன் பண்ணதால பாதியில நின்னுடுச்சுண்ணே. மேகம் மூடி வெளிச்சம் வேற போயிட்டிருந்துச்சு. ரெண்டு செகண்டுதானேன்னு…”

நிறுத்திக்கொண்டான். எட்டி ஃபோனை அணைத்தான். விரலால் அதிலிருந்து எதையோ அழித்தான். நிமிர்ந்து, சாதாரணமாக, டீயில் சர்க்கரை போதவில்லை என்று சொல்கிறவன் மாதிரி சொன்னான். “இது வேணாம்ணே. மொதல்லேருந்து இன்னொரு தடவை எடுப்போம்.”

அடித்திருப்பேன். அதற்குள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்த மனைவி டீத் தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரிலிருந்து விளக்கின் ஒயரைப் பிடுங்கினாள். அவன் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

“சாவியக் குடுங்க தம்பி.”

“எந்தச் சாவி அண்ணி?”

“இவர் பூட்டுச் சாவி.”

அவன் தயங்கினான். “அது கிளாசுக்கு வேணும் அண்ணி. இதத்தான் தூக்கிக் காட்டுறேன். அதப் பாத்ததும் எல்லாரும் கண் கலங்கிடுறாங்க.”

அவள் கை நீட்டியபடியே நின்றாள். கொழுந்தியாள் அழுகையை நிறுத்திவிட்டுத் தன் புருஷனைப் பார்த்தாள், புதிதாகப் பார்ப்பதுபோல. கடைசியில் அவன் தன் சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்றி அவள் கையில் வைத்தான். அவன் வண்டிச் சாவியோடு, வீட்டுச் சாவியோடு, இத்தனை நாளும் என் உயிர் ஆடிக்கொண்டிருந்த இடம் அது. விளக்கையும் கால்களையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனான். டீயைக் குடிக்கவில்லை. உட்கார்ந்த வேலையும் அவனோடு படியிறங்கிப் போனது.

இன்றைக்கு அதே எட்டு மாடிக் கட்டடத்தில் வேலை. மேலே போய் சுவிட்சை அணைத்து என் பூட்டைப் போட்டேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். புதுக் கூட்டாளி பட்டன் ஃபோன் வைத்திருப்பவர், அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். இறங்க நூற்று நாற்பத்து நான்கு படி. குழி வேலை முடிந்து, பூட்டைத் திறக்க, மறுபடி ஏற நூற்று நாற்பத்து நான்கு. படிக்கு ஒன்று வீதம் அவனைத் திட்டிக்கொண்டே ஏறினேன். ஒரு வசவைக்கூட இரண்டாம் தடவை சொல்லவேண்டி வரவில்லை.

ஆறாவது மாடியில் இடது கால் மடங்கிவிட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்ன ஒரு வருஷத்தில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அப்புறம் எழுந்து மிச்சப் படியையும் ஏறிப் பூட்டைக் கழற்றிவிட்டு, மனைவிக்கு ஃபோன் செய்தேன். ஒவ்வொரு கட்டடம் முடிந்ததும் செய்ய வேண்டும், அது அவள் போட்ட சட்டம்.

“பூட்ட எடுத்தாச்சு,” என்றேன்.

“யாரு எடுத்தா?”

“நான்தான்.”

“சரி,” என்று வைத்துவிட்டாள்.